எதிர்க்கூட்டம் வரும்போது காவலர் எங்கே நிற்கிறார்?

சுங்கை ரம்பாய், மெர்லிமாவ், ஜாசின் வட்டாரத்தில் தேர்தல் என்றால் வேட்புமனு நாளன்றே களம் சூடு பிடித்துவிடும். வெயில் ஏறுவதற்குள் ஒவ்வொரு கட்சியின் கொடியும் மண்டப வாசலுக்கு வந்து சேர்ந்திருக்கும். நடுவே தடுப்பு, அதையொட்டிக் காவலர் வரிசை. ஒரு பக்கத்துப் பாட்டை மறுபக்கத்து முழக்கம் அமுக்கப் பார்க்கும். தொண்டை கட்டிப்போகுமே தவிர, தடுப்பைத் தாண்டிக் கை நீள்வது அரிது. மதியம் பார்த்தால் இரு தரப்பும் ஒரே கடையில் தே தாரேக் குடித்துக்கொண்டிருக்கும்.

இதை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். இது சாதாரணமல்ல என்பதை அறிய, நம் முன்னோர் புறப்பட்டு வந்த இரண்டு நாடுகளையும் பார்க்க வேண்டும். இங்குள்ள தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். ஆபிசில் கிராணியாக உட்கார்ந்தவர்களில் யாழ்ப்பாணத்தார் பலர். எதிர்க்கும் கூட்டத்தை எப்படி நடத்துவது என்பதில் அந்த இரண்டு நாடுகளும் வெவ்வேறு வழியில் போயின.

இந்தியாவில் எதிர்ப்பின் அடையாளம் கறுப்புக்கொடி. 1928இல் பிரிட்டிஷ் அரசு அனுப்பிய சைமன் குழு வந்தபோது ஊருக்கு ஊர் கறுப்புக்கொடி காட்டினார்கள். அக்டோபர் 30ஆம் நாள் லாகூரில் அப்படி ஓர் ஊர்வலத்துக்குத் தலைமை தாங்கிய லாலா லஜபதி ராய் போலீஸ் தடியடியில் காயமடைந்து, நவம்பர் 17ஆம் நாள் இறந்தார். விடுதலைக்குப் பிறகு கொடி மாறவில்லை, யாருக்குக் காட்டுவது என்பதுதான் மாறியது. 1958 ஜனவரியில் சென்னைக்கு வந்த நேருவுக்குத் தி.மு.க. கறுப்புக்கொடி காட்டியது.

1977 அக்டோபரில் மதுரையில் நடந்ததைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஆட்சியை இழந்திருந்த இந்திரா காந்தி அங்கே வந்தார். தி.மு.க.வின் கறுப்புக்கொடி ஆர்ப்பாட்டம் கல்வீச்சாகவும் தாக்குதலாகவும் முற்றியது. காரில் உடனிருந்த காங்கிரஸ்காரர் பழ. நெடுமாறன் குறுக்கே பாய்ந்து, இந்திரா மேல் விழ வேண்டிய அடிகளைத் தன் உடம்பில் வாங்கினார். அதே நெடுமாறன்தான் பின்னாளில் ஈழத்தமிழருக்காகத் தமிழகத்தில் ஓயாமல் குரல் கொடுத்தவர். காவலர் வரிசை உடைந்த அன்று, அவர்கள் செய்ய வேண்டிய வேலையை ஒரு தனிமனிதர் செய்ய வேண்டியதாயிற்று.

இன்று தமிழ்நாட்டில் இது ஒரு சடங்காகிவிட்டது. தலைவர் வருகிறார் என்றால் கறுப்புக்கொடி அறிவிப்பு வரும். அறிவித்தவர்களைக் காவல்துறை சாலையிலேயே மறித்து வேனில் ஏற்றும். அருகிலுள்ள திருமண மண்டபத்தில் உட்காரவைத்துப் பெயர் எழுதிக்கொள்ளும், மதியச் சாப்பாடு கொடுக்கும். தலைவரின் வண்டி ஊரைக் கடந்த பிறகு, மாலையில் விட்டுவிடும். ரத்தம் சிந்தாத ஏற்பாடு என்ற அளவில் இதை நான் மதிக்கிறேன். ஆனால் எதிர்ப்பு எவருக்குக் காட்டப்பட வேண்டுமோ அவர் கண்ணில் படாமலே போய்விடுகிறது. 2018 ஏப்ரல் 12ஆம் நாள், காவிரி மேலாண்மை வாரியம் கேட்டுச் சென்னையே கறுப்பானபோது, பிரதமர் மோடி திருவிடந்தைக்கும் ஐ.ஐ.டி. வளாகத்துக்கும் ஹெலிகாப்டரில் போனார். அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குச் சாலையில் இறங்காமல் போக வழி செய்ய, ஐ.ஐ.டி. மதில் இடிக்கப்பட்டது. தரையில் நின்ற கொடியை மேலே போகிறவர் பார்க்க மாட்டார் என்பதால்தான் அன்று கறுப்புப் பலூன்களை வானில் விட்டார்கள்.

இலங்கையின் கதை வேறு. 1956 ஜூன் 5ஆம் நாள், சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கும் தனிச்சிங்களச் சட்ட மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது. கட்டடத்துக்கு எதிரே காலிமுகத்திடலில் தந்தை செல்வா தலைமையில் தமிழரசுக் கட்சியினர் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். திருப்பி அடிப்பதில்லை என்ற உறுதியோடு புல்தரையில் உட்கார்ந்தவர்கள் அவர்கள். எதிர்க்கூட்டம் பாய்ந்தது. சிலரைப் பேரை வாவிப் பக்கம் இழுத்துச் சென்று தண்ணீரில் தள்ளினார்கள். போலீஸ் பார்த்துக்கொண்டு நின்றது. தமிழரசுக் கட்சி எம்.பி. அமிர்தலிங்கம் தலையில் கட்டுடன் சபைக்குள் போய் உட்கார்ந்தார். அடுத்த சில நாட்களில் வன்முறை கல்லோயா வரைக்கும் பரவித் தமிழர் உயிரைக் குடித்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள், சுதந்திர தினத்தன்று, திருகோணமலை மணிக்கூட்டுக் கோபுரத்தில் கறுப்புக்கொடி ஏற்றப்போன நடராஜன் என்ற இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

தமிழர் என்பதால் மட்டும் இப்படி நடந்தது என்று சொல்லிவிட முடியாது. தமிழருக்கு ஓரளவு அதிகாரம் தரப் பிரதமர் பண்டாரநாயக்க செல்வாவுடன் செய்த பண்டா–செல்வா ஒப்பந்தத்தை எதிர்த்து, 1957 அக்டோபரில் எதிர்க்கட்சியைச் சேர்ந்த ஜே.ஆர். ஜெயவர்த்தன கண்டிக்கு நடந்தபோது, ஆளுங்கட்சி எம்.பி. எஸ்.டி. பண்டாரநாயக்க இம்புல்கொடையில் ஆட்களோடு வழிமறித்தார். நடைபயணம் அங்கேயே கலைந்தது. தமிழருக்கு எதிரான ஊர்வலம் நின்றதே என்று அன்று மகிழ்ந்தவர்கள் இருந்திருக்கலாம். எனக்கு அதில் மகிழ்ச்சி இல்லை. ஆளுந்தரப்பின் ஆட்கள் சாலையை அடைக்கலாம் என்ற வழக்கம் யாரையும் விட்டுவைக்காது.

2022 மே 9இல் அது நிரூபணமானது. 1956இன் நாடாளுமன்றக் கட்டடம் இப்போது ஜனாதிபதி செயலகம். அதன் வாசலில்தான், ஜனாதிபதி கோட்டாபயவைப் பதவி விலகச் சொன்ன ‘கோட்டா கோ கம’ போராட்டக்காரர்கள் ஒரு மாதமாகக் கூடாரமடித்திருந்தார்கள். பெரும்பாலோர் சிங்கள இளைஞர்கள். அன்று காலை பிரதமர் மகிந்தவின் அலரி மாளிகையில் கூடிய ஆதரவாளர்கள் தடியோடு வெளியே வந்தார்கள். மாளிகை வாசலில் இருந்த கூடாரங்களை முதலில் உடைத்தார்கள். பிறகு காலிமுகத்திடல் வரை நடந்து போய் அங்கும் அடித்தார்கள், கொளுத்தினார்கள். வழியில் அவர்களை யாரும் தடுத்து நிறுத்தவில்லை. மாலைக்குள் மகிந்த பதவி விலகினார். பதிலுக்கு எழுந்த கோபத்தில் ஆளுந்தரப்பினரின் வீடுகள் எரிந்தன, நிட்டம்புவையில் எம்.பி. அமரகீர்த்தி அத்துகோரள உயிரிழந்தார். அறுபத்தாறு ஆண்டுகள் கழித்து, அதே திடலில், காவலர் மறுபடியும் செய்ய வேண்டியதைச் செய்யத் தவறினார்கள்.

ஆகவே கூட்டத்துக்குப் போகிறவர் அஞ்ச வேண்டியது எதிரே நிற்பவரின் முழக்கத்துக்கு அல்ல. அந்த முழக்கம் அவர் உரிமை. காவலர் எதிரியை அப்புறப்படுத்தினால் உரிமை சுருங்குகிறது. ஒதுங்கி நின்றால் உயிர் போகிறது. இலங்கையின் தவறும் இந்தியாவின் தவறும் ஒரே எடையல்ல. மண்டபத்தில் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்புகிறவரையும் திடலில் மண்டை உடைந்தவரையும் ஒரே தட்டில் வைக்க என்னால் முடியாது.

மலேசியாவில் 2007 நவம்பர் 25ஆம் நாள் இந்தியர் உரிமை கேட்ட இண்ட்ராஃப் பேரணிக்குப் போன தமிழர்கள் முன் நின்றது எதிர்க்கூட்டம் அல்ல, கண்ணீர்ப்புகையும் ரசாயனத் தண்ணீரும்தான். ஆனால் 2016 நவம்பர் 19ஆம் நாள் கோலாலம்பூரில் தேர்தல் சீர்திருத்தம் கேட்ட மஞ்சள் சட்டை பெர்சே இயக்கத்தினரும், அதை எதிர்த்த சிவப்புச் சட்டையினரும் ஒரே நாளில் இறங்கியபோது, காவல்துறை இரு தரப்பையும் பிரித்தே வைத்திருந்தது. பேரணிக்கு முன்பே பெர்சே தலைவி மரியா சின்னையும் சிவப்புச் சட்டையினரின் தலைவர் ஜமால் யூனோசையும் கைது செய்தது. கைதுகளை நான் ஏற்கவில்லை. பிரித்து நிறுத்தியதை ஏற்கிறேன். 2012ஆம் ஆண்டின் அமைதிப் பேரணிச் சட்டமே எதிர்ப்பேரணியைப் பெயர் சொல்லி அங்கீகரிக்கிறது. மோதல் வரும் என்றால் அதற்கு வேறு நேரமோ நாளோ இடமோ தரச் சொல்கிறது. குறையுள்ள ஏற்பாடுதான், ஆனாலும் எதிர்ப்பவருக்கும் ஓர் இடம் உண்டு என்பதை அது மறுக்கவில்லை.

அடுத்த தேர்தலில் ஜாசினிலோ சுங்கை ரம்பாயிலோ செராமா என்னும் பிரசாரக் கூட்டத்துக்குப் போகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். எதிர்த்தரப்பை விரட்டச் சொல்லி உங்கள் கட்சிக்காரர் காவலரிடம் கேட்டால் ஒப்பாதீர்கள். உங்கள் பக்கத்தில் ஒருவர் தடியோடு வந்தால், எதிர்த்தரப்பு சொல்லும் வரை காத்திருக்காமல் நீங்களே போய்க் காவலரிடம் சொல்லுங்கள்.