வடலி உவமையும் மேற்பொருந்துதலும்

சாயல்குடி வட்டாரத்துப் பனங்காட்டில் ஒரு வடலி ஆணா பெண்ணா என்பது பாளை விட்ட பின்னரே புலப்படும். அதற்குப் பத்தாண்டுக்கு மேலும் ஆகும். குவாண்டம் இயந்திரவியலின் மேற்பொருந்துதலைத் தமிழில் விளக்கப் புகுவோர்க்கு இத்தகைய உவமை எளிதில் கைவரும்: பாளை வரும்வரை மரம் ஆணும் பெண்ணுமாக நிற்கிறது, பாளையே அளவீடு என்று. அழகிய உவமைதான்; எனினும் பிழையானது. வடலியின் பால் மரத்துக்குள் முன்னரே உள்ளது. அதனைப் பனையேறி அறியாதிருக்கிறார், அவ்வளவே. அறியாமையைப் பொருளின் நிலையாக மாற்றிவிடுவது இவ்வுவமையின் குறை.

இவ்வேறுபாடு வெறும் சொல்லளவினதன்று. இரட்டைப்பிளவுச் சோதனையில், பிளவு ஒன்று மட்டும் திறந்திருக்கையில் திரையின் ஓரிடத்தில் எலக்ட்ரான் விழும் நிகழ்தகவு 1 பங்கு எனக் கொள்க. இரண்டும் திறந்திருக்கையில் அது வந்த வழியை நாம் அறியோம் என்பது மட்டுமே உண்மையாயின், எங்கும் 2 பங்கு கிடைத்தல் வேண்டும். ஆனால் கூட்டப்படுவன வீச்சுகள். வர்க்கம் அதன் பின்னரே. ஆகவே சிலவிடத்து 4 பங்கு, சிலவிடத்து 0. இரண்டாம் வழியைத் திறந்ததனாலேயே எலக்ட்ரான் வாராது ஒழியும் இடங்கள் உண்டு. வடலித் தோப்பில் இதற்கு இணையில்லை. ‘இரண்டும் ஒருங்கே’ என்னும் வழக்கமான வாய்பாடும் வீச்சுகளின் கட்ட வேறுபாட்டைச் சொல்லாமல் விடுகிறது.

அளவீட்டைக் கண்ணால் காண்பதாகக் கொள்வது அடுத்த இடறல். பின்னாளில் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்ற ஈ. சி. ஜி. சுதர்சனும் பைத்யநாத் மிஸ்ராவும் 1977இல் வெளியிட்ட கட்டுரை இங்கு நினைக்கத்தக்கது. இடைவிடாது நோக்கப்படும் நிலையற்ற துகள் சிதையாது என்பது அவர்கள் கண்ட முடிவு. கிரேக்கரான சீனோவின் பெயரை அதற்கு இட்டனர். 1990இல் இட்டானோ, வைன்லேண்டு முதலியோர் பெரிலியம் அயனிகளைக் கொண்டு இவ்விளைவைக் காட்டினர். அங்கே நோக்கியது மனிதக் கண்ணன்று, குறுகிய லேசர்த் துடிப்புகள். துடிப்புகளின் எண்ணிக்கை பெருகப் பெருக, அயனிகள் ஒரு நிலையிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவது தடைப்பட்டது.

‘அளவீடு’ என்னும் சொல்லும் முன்னமே இருந்த அளவொன்றை வெளிக்கொணர்வதான பொருளைத் தருகிறது. இதற்கிணையான ஆங்கிலச் சொல்லை ஜான் பெல் கடுமையாக மறுத்தது இது போன்ற காரணத்தால்தான். கருவியோடும் சூழலோடும் ஊடாடியதும் குறுக்கீடு காணமுடியாதபடி மறைகிறது. எஞ்சும் நிகழ்தகவுகள் வெறும் அறியாமையின் கணக்கைப் போலவே தோன்றும். வடலி உவமை ஓரளவு பொருந்துவது இக்கட்டத்தில்தான். அப்போதும், பல விளைவுகளுள் ஒன்றே கிடைப்பது ஏன் என்னும் வினா தீர்வதில்லை.