வாரத்தாளும் தொகுதிகளும்

தமிழ்ப் பௌத்தச் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதரின் எழுத்து இன்றைய வாசகர் கைக்கு வர முதன்மையான வழிகள் இரண்டு. ஒன்று, கோலார் தங்கவயலின் சித்தார்த்தா புத்தகசாலை போட்ட சிறு நூல்கள். இன்னொன்று, ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999இல் வெளியிட்ட ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’. தங்கவயல் பதிப்புகளுக்கு நாம் பட்ட கடன் பெரிது. 1914இல் பண்டிதர் மறைந்தபின் தமிழகம் அவரை ஏறக்குறைய மறந்தே போனது. தங்கவயலின் மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப் பகுதிகளின் பௌத்தச் சங்கங்கள் மறக்கவில்லை. ஜி. அப்பாதுரையார் 1926இல் பண்டிதர் நடத்திய ‘தமிழன்’ இதழையே அங்கிருந்து மீண்டும் நடத்தினார். சுரங்கத்தில் இறங்கி உழைத்தவர்கள் காப்பாற்றிய எழுத்து இது. ஆனால் தொடராக வந்து முழுமை பெற்ற ‘ஆதிவேதம்’ போன்ற ஆக்கங்களே நூலாவதற்கு வாகாக இருந்தன. அவற்றை மட்டும் படிப்பவருக்குப் பண்டிதர் ஒரு சமய ஆசானாகத்தான் தெரிவார். சுதேசி இயக்கத்தையும் குடிக்கணக்கையும் சட்டசபைப் பிரதிநிதித்துவத்தையும் வாராவாரம் விவாதித்த பத்திரிகையாசிரியர் கண்ணில் படமாட்டார்.

அந்தக் குறையை அலாய்சியஸ் தீர்த்தார். அரசியலும் சமூகமும் முதல் தொகுதியில், சமயமும் இலக்கியமும் இரண்டாம் தொகுதியில் என்று பிரித்து அடுக்கினார். அண்மைக் கால அயோத்திதாசர் ஆய்வுகள் பெரும்பாலும் இந்த அடித்தளத்தின் மேல் எழுந்தவை. என் மாறுபாடு அந்தப் பிரிப்பில்தான். 1907 ஜூன் 19இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று தொடங்கிய அந்த இதழ் ஒரு சிறிய வாரத்தாள். அரசியலும் புத்த சரித்திரமும் சொல்லாராய்ச்சியும் அதன் சில பக்கங்களுக்குள் அடுத்தடுத்து நின்றன. ‘வேஷபிராமணர்’ (பிராமண வேடம் பூண்டவர்) என்ற அவருடைய சொல் வரலாற்று விளக்கமாகவும் வரும், நடப்பு அரசியல் மீதான குற்றச்சாட்டாகவும் வரும். ஒரே வாதத்தின் இரு கைகள் அவை. அரசியலை ஒரு தொகுதியிலும் சமயத்தை மற்றொன்றிலும் வைத்தால், வாதம் நடுவே அறுபடுகிறது.

கட்டுரைகளின் அடியில் இதழ் எண்ணும் தேதியும் இருக்கின்றனவே, வேண்டியவர் வரிசைப்படுத்திக்கொள்ளலாமே என்று கேட்கலாம். அந்தத் தேதிகளைப் பதித்தது பெரிய நேர்மை. ஆயினும் தேதி ஒரு கட்டுரையின் வயதைத்தான் சொல்லும், பக்கத்தில் என்ன இருந்தது என்பதைச் சொல்லாது. வாசகர் கேட்ட கேள்வி எது, அதே தாளில் வந்த செய்தி எது என்று அறியாமல் பண்டிதரின் சினத்துக்கும் அவசரத்துக்கும் காரணம் புரியாது. கால வரிசையில் போட்டால் சாதாரண வாசகர் தொலைந்துபோவார் என்ற அச்சமும் உண்டு. நல்ல பொருளடைவு ஒன்று அந்த அச்சத்தைப் போக்கிவிடும். பொருள்வாரித் தொகுதி இருக்கட்டும். அதன் பக்கத்தில், கிடைத்திருக்கும் இதழ்களைப் பக்கம் பக்கமாக, விளம்பரம் உட்பட, வந்த வரிசையிலேயே தரும் பதிப்பு ஒன்று வேண்டும். தங்கவயலில் அந்தத் தாளுக்காக வாராவாரம் காத்திருந்தவர்கள் அப்படித்தான் அவரைப் படித்தார்கள்.