எங்களிடமும் சல்லடை உண்டு

"உங்க நாட்டுல மேத்ஸ் பிஎச்டிக்கு என்ட்ரன்ஸே கிடையாதாமே சார், யார் வேணாலும் சேர்ந்துடலாமா?" சென்னையில் ஒரு கருத்தரங்கின் தேநீர் இடைவேளையில் ஆய்வு மாணவர் ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டார். கெட்ட எண்ணத்தோடு கேட்ட பிள்ளை அல்ல. ஆனாலும் அந்த "யார் வேணாலும்" மனசில் தைத்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் கணிதம் படித்து, கணிதம் படிப்பிக்கிற எனக்கு அதற்குப் பதில் சொல்லும் கடமை உண்டு.

இந்தியாவின் வழியை அங்குள்ள மாணவர்கள் சொல்லக் கேட்டு அறிந்தேன். மூன்று வருஷ பிஎஸ்சி முடித்தவர், ஐஐடிகளில் முதுநிலை படிக்க 'ஜாம்' எழுதுகிறார். பிறகு ஆய்வுக்கு நெட், கேட், டாட்டா ஆராய்ச்சி நிலையத்தின் தேர்வு, தேசிய உயர் கணித வாரியத்தின் தேர்வு என்று வரிசை நீள்கிறது. நெட் வினாத்தாளின் 'சி' பகுதியைப் பார்த்தேன். ஒரு வினாவுக்கு 4.75 மதிப்பெண். நான்கு விடைகளில் ஒன்றுக்கு மேலும் சரியாக இருக்கலாம். மூன்று சரியென்றால் மூன்றையும் குறிக்க வேண்டும். ஒன்றை விட்டாலும் முழு மதிப்பெண்ணும் போய்விடும். இதைத் தாண்டிச் சென்னையில் தரமணியிலோ சிறுசேரியிலோ உள்ள கணித நிறுவனத்துக்குப் போனால், அங்கே நேர்காணலில் கரும்பலகைக்கு முன்னால் நிறுத்துகிறார்கள். கடினமான வழிதான், மறுக்கவில்லை.

எங்கள் சல்லடை ஒரே நாளில் சலிப்பதில்லை. உயர்தரப் பரீட்சையில் இணைந்த கணிதத்தைத் தமிழில் எழுதி, அனுமதிக்கான இசட் புள்ளியில் தப்பி, பல்கலைக்கழகம் வருகிற பிள்ளை அங்கே முதல் நாளே ஆங்கில விரிவுரைக்குள் தள்ளப்படுகிறது. எங்கள் காவியும் தாயமும் தமிழ்நாட்டாருக்கு வெக்டரும் அணியும். அந்தத் தமிழ்ச் சொற்களை விட்டு ஆங்கிலத்துக்கு மாறுகிற அந்த முதல் வருஷமே ஒரு பரீட்சைதான். முதலிரு வருஷப் பெறுபேறுகளைப் பார்த்தே சிறப்புப் பட்டத்துக்கு எடுப்பார்கள். முதல் வகுப்புக்குத் தரப் புள்ளிச் சராசரி 3.70 வேண்டும். நான்காம் வருஷம் ஆய்வுக் கட்டுரையும் எழுதி முடித்தவரை "யார் வேணாலும்" என்று எப்படிச் சொல்வது?

அந்த நாலு வருஷத்தின் பயன் விண்ணப்பிக்கும்போது தெரியும். எங்கள் சிறப்புப் பட்டதாரி அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு நேரே கலாநிதிப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். இந்தியாவில் மூன்று வருஷப் பட்டத்தோடு அப்படிப் போவோர் சிறுசேரி போன்ற ஓரிரு இடத்தவர்தான். மற்றவர்கள் பெரும்பாலும் எம்எஸ்சி முடித்தே போகிறார்கள். அமெரிக்காவில் பெரும்பாலும் மூன்று சிபாரிசுக் கடிதங்கள் கேட்பார்கள். எங்கள் சிறப்பு வகுப்பில் இருப்பது ஒரு கை விரல்களுக்குள் அடங்குகிற பிள்ளைகள்தான். இரண்டாம் வருஷம் எப்சிலன் டெல்டாவில் தடுமாறியவர் நான்காம் வருஷம் லெபேக் அளவையை எங்களுக்கே விளங்கப்படுத்தியதைப் பார்த்துத்தான் கடிதம் எழுதுகிறோம். இந்தியாவில் மதிப்பெண் முதலில் பேசுகிறது. இங்கே ஆளை அறிந்த ஆசிரியர் பேசுகிறார்.

நாட்டுக்குள்ளே ஆய்வு செய்ய விரும்புகிறவருக்கும் கதவு சும்மா திறக்காது. முதலில் மேற்பார்வையாளர் ஒருவரைத் தேடிச் சம்மதிக்க வைக்க வேண்டும். பிறகு ஆய்வு முன்மொழிவு எழுதி, உயர் பட்டங்களுக்கான குழுவின் கேள்விகளுக்கு நின்று பதில் சொல்ல வேண்டும். பலர் முதுதத்துவமாணிக்கு (எம்ஃபில்) பதிந்து, வேலையைக் காட்டிய பிறகே கலாநிதிக்கு உயர்கிறார்கள். விரிவுரையாளராக இருந்து கல்வி விடுமுறையில் வெளிநாடு போகிறவர், திரும்பி வந்து இத்தனை வருஷம் படிப்பிப்பேன் என்று பிணை எழுதிக்கொடுத்துவிட்டே விமானம் ஏறுகிறார். எங்கள் துறைகள் போர்க்காலத்தைத் தாண்டி நின்றதற்கு அப்படித் திரும்பி வந்தவர்கள்தான் காரணம்.

வெளிநாடு போய்த் திரும்பி வரும் இந்த வழி புதிதும் அல்ல. ஹாட்லிக் கல்லூரியில் படித்த சி. ஜே. எலியேசர் கேம்பிரிட்ஜில் பால் டிராக்கிடம் ஆய்வு செய்து, இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியரானார். எங்கள் பிள்ளைகள் விண்ணப்பம் நிரப்பும்போது இந்தப் பெயரை நான் சொல்லாமல் விடுவதில்லை.

இந்தியாவிடம் நான் விரும்புவது ஒன்றுண்டு. அது நுழைவுத் தேர்வல்ல. நெட்டில் ஜேஆர்எஃப் உதவித்தொகை பெற்றவருக்கு மாதம் 37,000 இந்திய ரூபாய், மூன்றாம் வருஷத்திலிருந்து 42,000 என ஐந்து வருஷம் வருகிறது. கணிதத்தை மட்டும் நினைத்துக்கொண்டிருக்க அது போதும். 2022-இல் டொலர் 360 இலங்கை ரூபாயைத் தாண்டியபோது, டொலரில் கட்டும் விண்ணப்பக் கட்டணத்துக்கு அஞ்சி, ஐந்து பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்க எண்ணியிருந்துவிட்டு இரண்டோடு நிறுத்திய கெட்டிக்காரப் பிள்ளைகளை நான் அறிவேன். எங்கள் தெரிவில் குறை காண இடமில்லை. தெரிவானவரைக் கைவிடாமல் வைத்திருக்கத்தான் அப்படியொரு நாடளாவிய உதவித்தொகை வேண்டும். அதை எங்கள் அரசிடம் கேட்போம். "யார் வேணாலும்" என்பவருக்கோ, எங்கள் நான்காம் வருஷ வகுப்பில் ஒரு தவணை வந்து இருந்து பாருங்கள் என்பதே என் பதில்.