ஒரே வீடியோ, மூன்று வேகம்

அடோபியின் ஃபிளாஷ் பிளேயர் 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு கைவிடப்பட்டது. 2021 ஜனவரி 12 முதல் அந்தப் பிளேயரே எதையும் ஓட்ட மறுத்துவிட்டது. போன சாமானுக்கு எதற்கு இப்போது விமர்சனம் என்றால், அதன்மேல் சுமத்தப்பட்ட தீர்ப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது: 'மோசமாக எழுதப்பட்ட மென்பொருள், அதனால்தான் கணினியைத் தின்றது.' இது முழு உண்மை என்றால் ஃபிளாஷ் எல்லாக் கணினியிலும் ஒரே மாதிரி திணறியிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. இன்டெல் ஆட்டம் சிப்பும் என்விடியாவின் ஐயான் கிராஃபிக்ஸும் சேர்ந்த ஒரு நெட்புக்கை எடுத்துக்கொள்வோம். 2010-இன் பிற்பகுதியில், விண்டோஸ் போட்டிருந்தால் அதில் யூடியூபின் எச்டி வீடியோ ஒழுங்காக ஓடும். அதே பெட்டியில் லினக்ஸை ஏற்றினால் படம் தத்தித் தத்தி வரும், ஃபேன் இரையும். இடையில் மாறியது இயங்குதளம் மட்டும்தான்.

காரணம் வீடியோ திரைக்கு வந்து சேரும் வழியில் இருக்கிறது. சுருக்கி அனுப்பிய வீடியோவைப் பிரிக்க வேண்டும்; அதன் நிறக்கணக்கைத் திரைக்கு ஏற்ற சிவப்பு, பச்சை, நீலமாக மாற்ற வேண்டும்; அளவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும்; பிறகு பக்கத்தின் மற்றப் பகுதிகளோடு சேர்த்து வரைய வேண்டும். நான்கையும் கிராஃபிக்ஸ் சிப் அலட்டிக்கொள்ளாமல் செய்யும். சிபியு செய்தால் கணக்கு வேறு. 1920×1080 அளவுள்ள ஒரு பிரேம், ஒரு புள்ளிக்கு 4 பைட் என்றால், 8 எம்பியைத் தாண்டும். நொடிக்கு 30 பிரேம் என்றால் கிட்டத்தட்ட 250 எம்பி. நினைவகத்தில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகலெடுக்கும் ஒவ்வொரு முறைக்கும் இதே செலவு. ஃபிளாஷ் போன்ற பிளக்இன் என்பதோ பிரவுசருக்குள் ஒண்டுக்குடித்தனம். அதற்கான ஒப்பந்தமான என்பிஏபிஐ, நெட்ஸ்கேப் காலத்தில், 1990-களின் நடுவில் எழுதப்பட்டது. பக்கத்தில் ஒரு செவ்வகத்தை ஒதுக்கித் தருவதோடு அதன் தாராளம் முடிந்தது. வீடியோவின்மேல் ஒரு மெனு மிதக்க வேண்டும் என்று பக்கத்தை வடிவமைத்தவர் ஆசைப்பட்டால், ஃபிளாஷ் வரைந்ததைப் பிரவுசர் திரும்ப வாங்கி, பக்கத்தோடு கலந்து, மறுபடி வரையும். அங்கே இன்னொரு நகல். பல தளங்கள் தேவையே இல்லாமல் இந்த ஏற்பாட்டைப் போட்டுவைத்திருந்தன. திட்டு ஃபிளாஷுக்கு விழுந்தது.

எந்த இயங்குதளம் எப்போது கதவைத் திறந்தது என்று பார்த்தால் வேக வித்தியாசம் புரிந்துவிடும். விண்டோஸில் கிராஃபிக்ஸ் சிப்பைத் தொட முறையான வழி ஏற்கெனவே இருந்தது. 2010 ஜூனில் வந்த ஃபிளாஷ் 10.1 அதைப் பயன்படுத்தியது. மேக்கில் வெளியார் மென்பொருளுக்கு அந்த வழியை ஆப்பிள் திறந்ததே 2010 வசந்தத்தில், 10.6.3 பதிப்பில்தான். அதே ஆண்டு ஆகஸ்டில் ஃபிளாஷ் அதைப் பிடித்துக்கொண்டது. இந்த நேரத்தை வைத்துத்தான் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் 2010 ஏப்ரல் 29-இல் எழுதிய பகிரங்கக் கடிதத்தைப் படிக்க வேண்டும். சிப்பே பிரித்தால் ஐபோனில் 10 மணி நேரம் வீடியோ ஓடும், மென்பொருள் பிரித்தால் 5 மணி நேரம்கூட ஓடாது என்றார். சரியான பேச்சுதான். ஆனால் அது சிப்புக்கும் சிபியுவுக்கும் உள்ள வித்தியாசம். எந்த மென்பொருளை அங்கே வைத்தாலும் பொருந்தும். மேக்குகள் முடங்குவதற்கு முதல் காரணம் ஃபிளாஷ் என்று அவர் சொன்னது தனிக் குற்றச்சாட்டு. அதற்கு இந்த வாதத்தில் விடுதலை கிடையாது.

அப்படியென்றால் அடோபி அப்பாவியா என்று கேட்கலாம். லினக்ஸைப் பார்த்தவர் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார். என்விடியா தன் சிப்புக்கான விடிபிஏயூ வழியை 2008-லேயே லினக்ஸுக்குத் தந்துவிட்டது. ஃபிளாஷ் அதைத் தொட்டது 2012-இல், 11.2 பதிப்பில். தொட்டதும் பலருக்கு யூடியூபில் மனித முகங்கள் நீலமாகத் தெரிந்தன: சிவப்பும் நீலமும் இடம் மாறிவிட்டன! 64-பிட் பதிப்பின் கதை இன்னும் இழுபறி. 2008 நவம்பரில் சோதனைப் பதிப்பு வந்தது, 2010 ஜூனில் திரும்பப் பெறப்பட்டது, 2011 அக்டோபரில்தான் முழுதாக வந்தது. ஃபெடோரா 14 என்ற லினக்ஸ் வகையில் இன்னொரு கூத்து. நினைவகத்தை நகலெடுக்கும் ஓர் அடிப்படைச் செயல்பாட்டை, விதி தடுக்கும் விதத்தில் ஃபிளாஷ் அழைத்துவந்தது. லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி அந்தச் செயல்பாட்டை வேகப்படுத்தியதும் ஃபிளாஷின் ஒலி கரகரத்தது. தவறு ஃபிளாஷில் என்பதில் ஐயமில்லை; ஆனாலும் பயனர் கணினியில் ஓடிக்கொண்டிருந்ததை உடைக்கக் கூடாது என்று லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் மல்லுக்கு நின்றார். கடைசியில் பழைய நிரல்களுக்குப் பழைய நடத்தையே கிடைக்கும்படி நூலகம்தான் வளைந்துகொடுத்தது. மூலநிரல் திறந்திருந்தால் யாராவது ஒரே மாலையில் திருத்தியிருக்கக்கூடிய பிழை அது. திருத்தும் உரிமை ஒரே நிறுவனத்திடம் இருந்தது. அந்த நிறுவனத்துக்கு லினக்ஸ் சின்னச் சந்தை. மைக்ரோசாஃப்டின் சில்வர்லைட் பிளக்இன்னும் இதே சாதி: நெட்ஃபிளிக்ஸ் அதை நம்பியிருந்த ஆண்டுகளில் லினக்ஸ்காரர்களுக்கு முறையான வழியே இல்லை.

பிளக்இன் ஒழிந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதே என்பவர்களுக்கும் லினக்ஸ்தான் பதில். யூடியூப் 2015 ஜனவரியில், பிளக்இன் தேவைப்படாத எச்டிஎம்எல்5-க்கு மாறியது. ஃபிளாஷ் போயிற்று, ஃபேன் இரைவது போகவில்லை. லினக்ஸ் ஃபயர்ஃபாக்ஸ் கிராஃபிக்ஸ் சிப்பை வைத்து வீடியோவைப் பிரிக்கத் தொடங்கியது 2020-இல்தான். இன்டெல் சிப்புகளுக்கு அது தானாகவே இயங்கியது 2023-இல், 115-ஆம் பதிப்பில். ஆக, கதவு மூடியிருந்தால் உள்ளூர்க்காரனும் வெளியேதான் நிற்க வேண்டும். ஒரு வித்தியாசம்: ஃபயர்ஃபாக்ஸில் இந்த வேலையைச் செய்ய, அதை வெளியிடும் மொஸில்லாவின் தயவுக்காக யாரும் காத்திருக்கவில்லை; ரெட் ஹேட் நிறுவனத்தின் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்து செய்தார்கள்.

பழைய ஃபிளாஷ் விளையாட்டுகளும் அசைவுப்படங்களும் வேண்டும் என்பவர்களுக்கு இன்று இருக்கும் வழி ரஃபிள். ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட திறந்த மூலநிரல்; இன்டர்நெட் ஆர்க்கைவ் 2020 முதல் தன் ஃபிளாஷ் சேகரிப்பை இதைக்கொண்டே ஓட்டுகிறது. பிரவுசருக்குள் வெப்அசெம்பிளியாக ஓடுவதால், வலைப்பக்கங்களுக்குத் திரைமீது பிரவுசர் தரும் உரிமை இதற்கும் உண்டு. விண்டோஸ், மேக், லினக்ஸ் என்று பாகுபாடு இல்லை. ஜாப்ஸ் ஃபிளாஷை நுழையவிடாத ஐபோனிலும் ஓடுகிறது. ஃபிளாஷின் நிரல்மொழியான ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 1, 2 காலத்துக் கோப்புகளுக்குத் தயங்காமல் இதையே போடலாம். ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3-இல் எழுதிய பெரிய விளையாட்டுகளில் இன்னும் இடறுகிறது. அதற்காக எங்கிருந்தோ பழைய பிளேயரைத் தேடி இறக்கிப் போடுவது மட்டும் வேண்டாம்; பாதுகாப்புத் திருத்தங்கள் 2020-லேயே நின்றுபோன நிரல் அது.