இரும்பு தேயாவிட்டாலும் குளம்பு வளரும்

தார்ச்சாலையில் குதிரை நடக்கும்போது காலடிச் சத்தம் ஒரே சீராக விழவேண்டும். நான்கில் ஒன்று மட்டும் ‘சளக்’ என்று இழுபட்டால், அந்தக் காலின் லாடம் ஆட்டம் கண்டுவிட்டது. ஊட்டியில் ஒருமுறை இந்தச் சத்தத்தைக் கேட்டு, குதிரைக்காரரிடம் சொன்னேன். “இரும்பு இன்னும் தேயலையே சார், அதுவா விழட்டும்” என்றார். லாடம் என்ற ஏற்பாட்டின் முழுக் கோளாறும் அந்த ஒரு பதிலில் இருக்கிறது.

லாடத்தின் தேவையை மறுக்க முடியாது. குளம்பு நம் நகத்தைப் போலவே கெரட்டினால் ஆனது; மாதத்துக்கு ஏறக்குறைய 6 முதல் 10 மில்லிமீட்டர் வளரும். மேய்ச்சல் வெளியில் திரியும் குதிரை வளர்ந்ததை நடந்தே தேய்த்துவிடும். வண்டியில் பூட்டி, ஆளை ஏற்றிக் கருங்கல்லிலும் தாரிலும் நடத்தினால் வளர்வதைவிடத் தேய்வது அதிகமாகிறது. அந்த இடத்தில்தான் இரும்பு வேண்டியிருக்கிறது.

அடிக்கும் வேலையும் லேசானதல்ல. மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்துக் கட்டித்தான் லாடம் அடிப்பார்கள். பிளவுபட்ட குளம்பு என்பதால் காலுக்கு இரண்டு துண்டு. குதிரையோ நின்றபடியே ஒரு காலைக் கொடுக்கும். முதலில் கத்தியாலும் அரத்தாலும் குளம்பைச் சமன்செய்ய வேண்டும். லாட ஆணியின் நுனி ஒரு பக்கம் சரிவாக இருக்கும். அடிக்க அடிக்க அது வெளிப்பக்கமாக வளைந்து, குளம்பின் சுவரைத் துளைத்து மேலே எட்டிப்பார்க்கும். வெளிச்சுவரில் நரம்பு கிடையாது, வலிக்காது. சற்று உள்ளே போனால் உயிருள்ள திசு. கை தேர்ந்தவருக்குச் சுத்தியல் சத்தமே சொல்லிவிடும்: ‘டங்’ என்றால் சரி, மொத்தென்று கேட்டால் உடனே பிடுங்க வேண்டும்.

இவ்வளவு நுட்பமாக அடித்த பிறகு வருவதுதான் கோளாறு. லாடம் குளம்பின் தேய்மானத்தை நிறுத்துகிறது, வளர்ச்சியை நிறுத்துவதில்லை. வாரங்கள் போகப் போக முன்நுனி நீண்டு, குதிகால் தாழ்ந்து, காலின் பின்புறத் தசைநாண்களில் இழுப்பு ஏறுகிறது. அதனால் இரும்பு புதிதுபோல இருந்தாலும் 6 முதல் 8 வாரத்துக்குள் கழற்றி, குளம்பைச் செதுக்கி, மறுபடி அடித்தாக வேண்டும். ‘தேய்ந்தால் மாற்று’ என்பது மாட்டு லாடத்திலிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இன்னொரு குறை, அளவு. 1835இல் ஹென்றி பர்டன் அமெரிக்காவில் லாடம் செய்யும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். லாடம் மலிந்தது நல்லதுதான். ஆனால் ஆயத்த லாடம் கைக்கு வந்தபின், அதைச் சூடாக்கி வளைக்கச் சோம்பி, குளம்பை அதற்கேற்ப அராவுவது சுலபமாகிவிட்டது. செருப்புக்கு ஏற்றபடி காலை வெட்டும் கதை. எடை விழும்போது குளம்பின் பின்பகுதி சற்று விரியும். ஆணியை முன்பாதியோடு நிறுத்துவது அதற்காகத்தான். சிறிய லாடத்தை இறுக்கி, பின்னாலும் ஆணி அடித்தால் அந்த விரிவு தடைபடும். பிரேசி கிளார்க் என்ற ஆங்கிலக் கால்நடை மருத்துவர் 19ஆம் நூற்றாண்டிலேயே இதைச் சொல்லிச் சண்டை போட்டார்.

லாடமே வேண்டாம் என்பவர்கள் கிரேக்கர் செனபோனைத் துணைக்கு அழைப்பார்கள். குளம்பு உறுதிப்படக் கூழாங்கல் பரப்பிய தரையில் குதிரையை நிறுத்தச் சொன்னவர் அவர். மணலிலும் புல்லிலும் நடக்கும் குதிரைக்கு லாடம் இல்லாமல் விடுவது பொருந்தும். ஆனால் இன்று லாடத்தைப் பிடுங்கிவிட்டு நாளைக்கே சரளைக்கல்லில் நடத்துவது கொடுமை. முன்நுனியில் குளம்பு முழுதாகப் புதிதாக வளர ஓராண்டு வரை ஆகும். அத்தனை மாதம் சம்பாத்தியம் இல்லாமல் தீனி போடச் சவாரிக்காரரால் ஆகுமா?

லாடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தப்ப முடியாத வேலை ஒன்று உண்டு: தினமும் காலைத் தூக்கி, கொக்கியால் குதிகாலிலிருந்து முன்னோக்கிச் சாணமும் கல்லும் எடுப்பது. ஈரத்தில் நிற்கும் குளம்பின் நடுவே ரப்பர் போன்ற முக்கோணப் பகுதி அழுகி, கறுத்து நாறும். நாலு காலுக்கும் பத்து நிமிடம் போதும், செய்பவர்கள்தான் குறைவு.

அடுத்தமுறை சவாரிக்கு எவ்வளவு என்று கேட்குமுன், லாடம் மாற்றி எத்தனை வாரம் ஆயிற்று என்று கேளுங்கள். “அதுவா விழட்டும்” என்று பதில் வந்தால் அந்தக் குதிரையில் ஏறாதீர்கள்.