வேற்றுலக வேஷம்

வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், கண்ணமங்கலத்தைத் தாண்டி, மேற்கே ஜவ்வாது மலை நீண்டு கிடக்கும் இடத்தில் வருகிற சந்தவாசல், ஆரணிப் பட்டு என்ற பெயரில் ஊர்தோறும் விலைபோகும் சேலைகள் நெய்யப்படும் ஊர்களில் ஒன்று. குழித்தறியில் உட்கார்ந்தவனுக்குக் கால் மிதிக்கும், கை நாடாவுக்கும், கண் இழைக்கும் கட்டுப்பட்டவை. வாயும் செவியும் மாத்திரமே சுதந்திரமானவை. ஆகையால் நெசவுத் தெருக்களில் சம்பாஷணை ஒரு கலையாகவே வளர்ந்திருக்கிறது. பட்டு விலையும் ஜரிகை விலையும் கூலிக் கணக்கும் பேசித் தீர்ந்த பிற்பாடு எஞ்சி நிற்பவை இரண்டு விஷயங்கள்: ராத்திரி கண்விழித்துப் பார்த்த கூத்து, திரையில் பார்த்த படம். இந்த இரண்டிலும் இவர்கள் மிகுந்த ஆவலோடு விவாதிப்பது வேஷத்தைப் பற்றித்தான். அதிலும், மனிதன் அல்லாத ஒன்றாக மனிதன் உருமாறி வந்து நிற்கும் விந்தையைப் பற்றி.

இப்படிப்பட்ட விந்தைகளை ரசிப்பதற்கு இந்தப் பூமி ஏற்கெனவே பக்குவப்பட்டது. சந்தவாசலிலிருந்து கிளை பிரியும் சாலை படவேட்டுக்குப் போகிறது. அங்கே கோயில் கொண்டிருக்கும் ரேணுகாம்பாளின் கதையில், மகன் பரசுராமனே தாயின் சிரத்தைக் கொய்கிறான். பிறகு அச்சிரம் வேறொரு பெண்ணின் உடலோடு பொருந்தி உயிர் பெறுகிறது. ஒருவர் தலை மற்றொருவர் உடலில் ஏறினால் அங்கே உயிர்த்திருப்பவர் யார் என்ற கேள்வி, மேனாட்டு விஞ்ஞானக் கதாசிரியர்களுக்கு முன்னரே இந்தச் சீமையின் பாட்டிமார்களுக்குப் பரிச்சயமானது. அதே ஜவ்வாது மலைத்தொடரில்தான் காவலூர் வானோக்கு நிலையம் இருக்கிறது. யுரேனஸ் கிரகத்தைச் சுற்றி வளையங்கள் உண்டென்று 1977-ஆம் வருஷம் உலகம் அறிந்தபோது, அந்தக் கண்டுபிடிப்புக்குச் சாட்சி சொன்ன தொலைநோக்கிகளில் காவலூருடையதும் ஒன்று. பிற்பாடு 1986-இல் அங்கே 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி நிறுவப்பட்டது. மலையின் ஒரு பக்கம் தலை மாறிய தேவி, இன்னொரு பக்கம் கிரகங்களை உற்றுப் பார்க்கும் கண்ணாடி. இவற்றுக்கு நடுவே வசிப்பவர்கள் வேற்றுலகத்தாரைப் பற்றிப் பேசுவதில் அதிசயம் ஏதுமில்லை.

ஆனால் இவர்களுடைய ரசனையைப் பழக்கியது தொலைநோக்கியல்ல, தெருக்கூத்து. செய்யாற்று வட்டாரத்துப் புரிசை, கண்ணப்ப தம்பிரானின் பரம்பரையால் பெயர் பெற்றது. காஞ்சிபுரத்துக்கு அருகே பி. ராஜகோபாலும் ஹன்னே டி புரூயினும் கட்டைக்கூத்துக்கென்றே சங்கமும் குருகுலமும் நிறுவினார்கள். இவை புகழ் பெற்ற பெயர்கள். பெயர் வெளியில் தெரியாத ஜமாக்கள் இன்னும் பல இந்தச் சீமையில் உண்டு; பங்குனி தொடங்கி ஆடி வரையில் திரௌபதை அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும்போது அவர்களுக்கு ஓய்வு என்பதே கிடையாது.

கட்டை வேஷம் கட்டுவதைக் கிட்டே உட்கார்ந்து பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். நடிகர் தாமே கையில் சிறு கண்ணாடியை வைத்துக்கொண்டு முகத்துக்கு வர்ணம் பூசிக்கொள்கிறார்: துரியோதனனுக்குச் சிவப்பு, கிருஷ்ணனுக்குப் பச்சை. சிவப்பின் மேல் வெள்ளைப் புள்ளிகளும் கோடுகளும் மெல்ல மெல்ல ஏற, மீசை அகன்று கன்னத்தைத் தொட, நமக்குத் தெரிந்த மனிதரின் முகம் நம் கண்ணெதிரிலேயே விடைபெற்றுக்கொண்டு போய்விடுகிறது. இடுப்பைச் சுற்றித் துணிகளை மடித்து மடித்துக் கட்டியதும் உடலின் கீழ்ப்பாதி மனித அளவை மீறிப் புடைத்து நிற்கிறது. அதற்குப் பிறகுதான் கட்டைகள் வருகின்றன. எடை குறைந்த கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில்லுகளும் வர்ணக் காகிதமும் பதித்த கிரீடம், புஜக்கட்டைகள், மார்புப் பதக்கம். இவற்றை ஒவ்வொன்றாகக் கயிற்றால் இறுக்கிக் கட்டக் கட்ட, தோள் இரு மடங்காக அகன்று, தலை ஒன்றரை மடங்காக உயர்ந்து, சற்று முன் நம்மோடு உட்கார்ந்து தேநீர் குடித்தவர் வேறொரு யுகத்தின் அளவுகளைப் பெற்றுவிடுகிறார். நெசவாளிகள் இந்த இடத்தில் கவனிப்பது துணியை. கொசுவம் நடிகரின் சுழற்சிக்கு விரிந்து கொடுக்கிறதா, கால் தடுக்கும்படி தழைந்து கிடக்கிறதா என்பதை ஒரே பார்வையில் சொல்லிவிடுகிறார்கள். அந்த விஷயத்தில் அவர்களுடைய தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது.

ஆயினும் வேஷத்தின் உயிர் வேஷத்தில் பூரணமாக இல்லை. அது வெளிப்படும் விதத்தில் இருக்கிறது. இருவர் திரையைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். முகவீணை உச்சத்தில் அலறுகிறது. திரைக்குப் பின்னாலிருந்து குரல் எழுகிறது. திரையின் கீழே சலங்கை கட்டிய பாதங்கள் மட்டும் தெரிகின்றன; மேலே கிரீடத்தின் முனை விளக்கொளியில் சுடர்விட்டு மறைகிறது. ஓர் ஓரத்தில் அரை முகம் எட்டிப் பார்த்துவிட்டு உள்வாங்கிக்கொள்கிறது. இவ்வாறு நமது கற்பனாசக்தியைப் போதுமான அளவு பசியோடு காக்கவைத்து, துண்டு துண்டாகக் கிடைத்தவற்றைக் கொண்டு நாமே ஒரு துரியோதனனை மனத்தில் சிருஷ்டித்து முடித்த தருணத்தில்தான் திரை விலகுகிறது. அப்போது வந்து நிற்பவன் பாதி நடிகருடைய படைப்பு, பாதி நம்முடையது. அவன் பக்கத்திலேயே கூத்துக் கோமாளியான கட்டியங்காரன், சாதாரண மனிதனின் உயரத்தில், சாதாரண மனிதனின் பேச்சோடு நின்று, “யார் நீ, எங்கிருந்து வந்தாய்?” என்கிற தோரணையில் விசாரிக்கிறான். அவன் அங்கே நிற்பதால்தான் வந்தவனின் பிரம்மாண்டம் நமக்குப் பிரத்தியட்சமாகிறது. வேற்றுலக ஜீவனை மேடையேற்ற விரும்பும் எவருக்கும் இதைவிட மேலான பாடம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இந்த அபிப்பிராயத்தைக் கூத்துக்காரர்களே நிரூபித்திருக்கிறார்கள். பிரம்மாண்டமான சிறகுகளோடு ஒரு கிழவன் ஓர் ஏழைக் குடும்பத்தின் கொல்லைச் சேற்றில் வந்து விழும் கதையைக் காப்ரியேல் கார்சியா மார்க்வெஸ் எழுதினார். அதைப் புரிசைக் கலைஞர்கள் தெருக்கூத்தாக்கி ஆடினார்கள். வானத்திலிருந்து விழுந்தவன் தேவனா, பிறவி விசித்திரமா என்று புரியாமல் ஊர் கூடி நின்று வேடிக்கை பார்க்கும் அந்தக் கதைக்கும் கூத்துக் களத்துக்கும் உள்ள பொருத்தம் இயல்பானது.

இனி திரைக்கு வருவோம். விண்வெளியிலிருந்து வருபவர்களைப் பற்றிய தமிழ்ப் படம் என்றால் நான் முதலில் சொல்வது, ஏ. காசிலிங்கம் இயக்கி 1963-இல் வெளிவந்த ‘கலை அரசி’. யூரி ககாரின் பூமியை வலம் வந்து இரண்டே வருஷங்கள் ஆகியிருந்த சமயம் அது. வேற்றுக் கிரகத்தார் பூமிக்கு வருகிறார்கள். பொன்னுக்காக அல்ல, ராஜ்யத்துக்காகவும் அல்ல. தங்கள் உலகத்தில் சங்கீதம் இல்லை, அதைக் கற்பிக்க ஒருவர் வேண்டும் என்று, பானுமதி நடித்த பாடகியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். உலகத்து விஞ்ஞானப் படங்களில் வேற்றுலகத்தார் ஆயிரம் காரணங்களுக்காகப் படையெடுத்து வந்திருக்கலாம். ஒரு பாட்டு வாத்தியாருக்காக வந்தது தமிழ்நாட்டுக்குத்தான் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது. பூமியின் உழவனாகவும் அந்தக் கிரகத்தின் கோமாளியாகவும் எம்.ஜி.ஆர். இரண்டு வேஷம் கட்டினார். அந்நிய உலகத்தை நமக்குப் பழக்கப்படுத்தக் கோமாளி ஒருவன் தேவை என்று அந்தக் கதையை எழுதியவர்களுக்குத் தோன்றியதே, கட்டியங்காரன் நம் ரத்தத்தில் எவ்வளவு ஆழமாக ஊறியவன் என்பதற்கு அத்தாட்சி.

அதில் வேற்றுலகத்தாருள் ஒருவராக வந்த எம்.என். நம்பியார், அதற்குப் பதினோரு வருஷங்களுக்கு முன்னரே இன்னொரு விநோதப் படத்தில் இருந்தார். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரமும் அமெரிக்கத் தயாரிப்பாளர்களும் சேர்ந்து 1952-இல் எடுத்த ‘காடு’ அது. பூண்டற்றுப் போன ஆதிகால மாமத யானைகள் இந்தியக் காட்டில் உயிரோடு இருப்பதாகக் கதை. அவற்றுக்கு எங்கே போவது? நம்முடைய யானைகளுக்கே நீண்ட ரோமத்தைப் போர்த்தி வேஷம் கட்டிவிட்டார்கள். யானைக்குக் கட்டிய வேஷம் என்ற வகையில் அதை நான் மனதார ரசிக்கிறேன். யானையின் நடையை மறைக்க எந்த ரோமத்தாலும் முடியவில்லை, அந்த நடையின் கம்பீரமே ஆதிகால மிருகத்துக்கும் போதுமானதாக அமைந்துவிட்டது.

நடையையும் கண்ணையும் பற்றித்தான் சந்தவாசல் பக்கத்துத் தறிக்கூடம் ஒன்றில் ஒரு நாள் பெரிய தர்க்கம் மூண்டது. “சிட்டி வர்றப்போ உடம்பு சிலிர்த்துப்போவுது மாமா, அந்த மினுமினுப்புக்கு முன்னாடி நம்ம கிரீடம் எம்மாத்திரம்?” என்று இளைஞர் ஒருவர் ‘எந்திரன்’ கட்சியை எடுத்துக்கொண்டார். பெரியவர் நாடாவை நிறுத்தாமலே பதில் சொன்னார்: “மினுமினுப்ப விடு தம்பி. எல்லாம் ஒரே சட்டை போட்ட மெஷினுங்க, நடுவுல மனுசன் ஒருத்தன் மெஷின் மாதிரி ஒளிஞ்சி நிக்கிறானே, அங்க சட்டையா நடிச்சிது? கண்ணு நடிச்சிது.” தர்க்கம் அதோடு முடியவில்லை, கர்ண மோட்சக் கூத்துக்குத் தாவி, ‘அயலான்’ படத்துப் பூதாகாரக் கண்கள் கொண்ட குட்டி ஜீவனிடம் போய், மறுபடியும் துரியோதனனிடம் வந்து நின்றது. பெரியவர் பக்கமே நியாயம் என்பது என் தீர்மானம். 2010-இல் வந்த ‘எந்திரன்’ படத்துக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து லெகஸி எஃபெக்ட்ஸ் நிறுவனத்தார் யந்திர உடல்களைச் செய்து கொடுத்தார்கள். அவை அபாரமான வேலைப்பாடு கொண்டவை, சந்தேகமில்லை. ஆனால் ரஜினிகாந்த் என்ற நடிகர், ஒரே முகத்தை வைத்துக்கொண்டு, படைத்தவனுக்கு ஒரு பார்வையும், படைக்கப்பட்டதற்கு ஒரு பார்வையும், கெட்டுப்போன பிறகு அதற்கு வேறொரு பார்வையும் கொடுத்தாரே, மனத்தில் நிற்பது அது. ஹாலிவுட்டிலும் இதே நியாயந்தான். 1977-இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில், ஏழடிக்கு மேல் உயரமான பீட்டர் மேயூ, கவரிமாட்டு ரோமத்தால் ஆன உடைக்குள் தலை முதல் கால் வரை மறைந்து, பேசும் வார்த்தை ஒன்றுகூட இல்லாமல், கண்ணாலும் கழுத்தின் சாய்வாலும் மாத்திரமே உலகத்துக் குழந்தைகளின் அன்பைச் சம்பாதித்துக்கொண்டார்.

ரசிகன் பார்ப்பதோடு திருப்தியடையாமல் தானே வேஷம் பூண வேண்டும் என்று ஆசைப்படுவதும் நமக்குப் புதிதல்ல. அமெரிக்காவில் அக்டோபர் 31-ஆம் தேதி ஹாலோவீன் இரவில் குழந்தைகளும் பெரியவர்களும் பேய்களாகவும் விண்வெளிப் பிரஜைகளாகவும் வீடு வீடாகப் போகிறார்கள். நமது வட மாவட்டங்களில் மாசி மாதத்து மயானக் கொள்ளையன்று அங்காளம்மனாகவும் காளியாகவும் முகத்தில் வர்ணம் தீட்டி மயானத்துக்குப் போகிறவர்களைக் கண்டவர்களுக்கு, அந்த இரவின் உணர்ச்சி உடனே புரியும். ஒன்று விளையாட்டு, மற்றது நேர்த்திக்கடன், என்றாலும் வேஷம் ஏறியதும் உடலில் உண்டாகும் சிலிர்ப்பு ஒன்றே. விஞ்ஞானக் கதை ரசிகர்களின் வேஷத்துக்கும் ஒரு பிறந்த தேதி உண்டு: 1939-இல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக விஞ்ஞானக் கதை மாநாடு. அங்கே ஃபாரஸ்ட் ஆக்கர்மன், மிர்ட்டில் டக்ளஸ் என்ற இருவர் வருங்கால மனிதர்களின் உடையில் வந்து சேர்ந்தார்கள். எச்.ஜி. வெல்ஸ் கதையை ஒட்டி 1936-இல் வந்த ஒரு படத்தின் சாயல் அந்த உடைகளில் இருந்தது. இரண்டையும் தைத்தவர் மிர்ட்டில் டக்ளஸ். உலகமெங்கும் இன்று லட்சக்கணக்கானோர் ஈடுபடும் ஒரு வழக்கத்தின் தொடக்கத்தில் ஊசியும் நூலும் பிடித்த ஒரு பெண்மணியின் கை இருந்தது என்று சொன்னபோது, அந்தத் தறிக்கூடத்தில் எல்லோரும் கொஞ்ச நேரம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

தமிழில் விஞ்ஞானப் படங்கள் இப்போது அடிக்கடி வருகின்றன. காலயந்திரமும் விண்கலமும் வந்துவிட்டன. வேற்றுக் கிரகத்து ஜீவன் தமிழ் பேசிற்று. கணிப்பொறியால் எதையும் வரைந்துவிடலாம் என்ற நிலை ஏற்பட்டபின், எல்லாவற்றையும் முதல் காட்சியிலேயே முழு வெளிச்சத்தில் காட்டிவிடும் அவசரமும் கூடவே வந்துவிட்டது. ரசிகனுக்கு வேலை கொடுக்காத வேஷம் எவ்வளவு செலவில் செய்யப்பட்டாலும் மறுநாள் தறியில் பேச்சுக்கு வருவதில்லை. ஆகவே, அடுத்த வேற்றுலகத்தானைத் திரையில் கொண்டுவரப் போகிற இளம் இயக்குநர்களுக்கும் உடைக் கலைஞர்களுக்கும் என் விண்ணப்பம் இது: வெளிநாட்டு நிறுவனங்களுக்கு எழுதிக் கேட்குமுன், பங்குனி கழிவதற்குள் ஆரணிப் பக்கம் வாருங்கள், ஏதேனும் ஒரு கிராமத்தில் பாய் விரித்து முதல் வரிசையில் உட்கார்ந்து, துரியோதனன் திரையைத் தள்ளிக்கொண்டு வெளிப்படும் வரையில் பொறுமையோடு காத்திருந்து பாருங்கள். மறுநாள் காலையில் சந்தவாசலில் இறங்கி, அந்த வேஷம் எப்படி என்று தறியில் இருப்பவர்களைக் கேளுங்கள், நன்றாகச் சொல்வார்கள்.