வெற்றுக் கட்டம் மௌனமல்ல

இலங்கையில் ஜனாதிபதித் தேர்தல் வரும்போதெல்லாம் எம்மிடையே இரண்டு குரல்கள் எழுகின்றன. 'சிங்கள வேட்பாளர்கள் எல்லோரும் ஒன்றே, விலகி நில்லுங்கள்' என்பது ஒன்று. 'எமது ஆளுக்கு மட்டும் போட்டுவிட்டு வாருங்கள்' என்பது மற்றது. வாக்கு எவ்வாறு எண்ணப்படுகிறது என்பதை இரண்டுமே கவனிப்பதில்லை என்பதே என் விமர்சனம்.

இலங்கையில் வாக்காளர் 1, 2, 3 என மூன்று விருப்பங்களைக் குறிக்கலாம். செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் எவரும் பெறாவிட்டால், முதலிருவர் தவிர்ந்த அனைவரும் ஒரேயடியாக நீக்கப்படுவர். நீக்கப்பட்டவர்களுக்கு விழுந்த சீட்டுகளில் அவ்விருவருள் ஒருவருக்கு அடுத்த விருப்பம் இருந்தால் அது அவருக்குச் சேரும். இல்லாத சீட்டு ஒதுக்கப்படும். அதன்பின் பாதி வேண்டியதில்லை, கூடுதலாகப் பெற்றவர் வென்றவர்.

பாதி என்பது வாக்காளர் தொகையின் பாதியல்ல, போடப்பட்ட செல்லுபடியான வாக்குகளின் பாதி. 2005இல் யாழ். மாவட்டத்தில் பதிவாகியிருந்த சுமார் ஏழு இலட்சம் பேரில் வாக்களித்தோர் 1.2 வீதம். மஹிந்த ராஜபக்ஷ பெற்றது 50.29 வீதம். பாதிக்கு மேல் மிஞ்சியவை சுமார் 28,600 வாக்குகள். பிறருக்கு இன்னும் அறுபதினாயிரம் வாக்குகள் விழுந்திருந்தால் முதல் எண்ணிக்கையில் அவர் வென்றிருக்க முடியாது. புலிகளின் வற்புறுத்தலோடு நடந்த பகிஷ்கரிப்பு, வெல்வதற்கான எல்லையையே அவருக்காகத் தாழ்த்திக் கொடுத்தது.

2024இல் முதற்தடவையாக இரண்டாவது எண்ணிக்கை நடந்தது. அநுர குமார திசாநாயக்க 42.31 வீதமும் சஜித் பிரேமதாச 32.76 வீதமும் பெற்றிருந்தனர். நீக்கப்பட்டோரின் சீட்டுகள் 33 இலட்சத்துக்கும் மேல். அவற்றில் இவ்விருவருக்கும் போய்ச் சேர்ந்தவை 273,131 மட்டுமே.

நான் வாழும் அவுஸ்திரேலியாவில் நிலைமை வேறு. கூட்டாட்சிப் பாராளுமன்றத்தின் கீழ்ச்சபைத் தேர்தலில் எல்லாக் கட்டங்களிலும் எண் இட வேண்டும். வாக்களிப்பும் கட்டாயம். கடைசியில் நிற்பவர் ஒவ்வொருவராக நீக்கப்படுவார். 1998இல் குவீன்ஸ்லாந்தின் பிளேயர் தொகுதியில் குடிவரவாளரை எதிர்த்த போலின் ஹான்சன் சுமார் 36 வீதத்தோடு முதலிடத்தில் நின்றார். மூன்றாமிடத்தில் சுமார் 22 வீதம் பெற்ற லிபரல் வேட்பாளர் கமரன் தொம்சனே வென்றார். தொழிற்கட்சிக்கு வாக்களித்தவர்களுக்கு லிபரல் கட்சியில் காதல் இல்லை. இவரைவிட அவர் பரவாயில்லை என்று எண் இட்டார்கள், அவ்வளவே.

இலங்கை முறையில் மூன்றாமவர் இப்படி மேலே வர வழியில்லை என்பது உண்மை. தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனின் 226,343 வாக்குகள் முழுவதும் சஜித்துக்குப் போயிருந்தாலும், பன்னிரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட இடைவெளி நிரம்பியிராது என்பதும் உண்மை. ஆனால் பேரம் வாக்கு எண்ணுமுன் நடப்பது. இரண்டாம் எண்ணைக் கேட்டு எவரும் எம் வாசலுக்கு வரவேண்டிய நிலையை நாமே இல்லாமற் செய்துவிடுகிறோம்.

எமது தனித்துவத்தை உலகுக்குக் காட்டவே பொது வேட்பாளர் என்கிறார்கள். அந்த வேலையை முதலாம் எண் செய்துவிடுகிறது. இரண்டாம் எண் அதிலிருந்து ஒரு வாக்கையும் குறைப்பதில்லை. பிறகு ஏன் அதை வெறுமையாக விடுகிறோம்? இதற்குக் கொள்கை சார்ந்த பதிலொன்று இருந்தால், நண்பர்கள் இப்பக்கங்களில் எழுதட்டும்.